வெல்பிரிட்ஜ் சந்தைக்குப் போன மரியநாயகி

2012 யூன் 11. விசா விண்ணப்பம். 78 பவுண்.
2019 செப்ரெம்பர் 9. விசா விண்ணப்பம். 95 பவுண்.
2020 பெப்ரவரி 3. மரணப் பதிவின் பிரதி. 11 பவுண்.
2024 மார்ச் 18. விசா விண்ணப்பம். 115 பவுண்.
2024 மே 24. ரயில், பாரிஸ் – லண்டன், இருவர், போய்வர. 318 யூரோ.
2024 மே 25. பஸ், இருவர். 4 பவுண்.
2024 மே 25. மெழுகுதிரி, ஒரு பெட்டி. 3 பவுண் 50.
2024 ஒக்ரோபர் 7. பதிவுத் திருத்த விண்ணப்பம். 90 பவுண்.

மேலே உள்ளவை மரியநாயகி அல்பிரட் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரைப் பார்ப்பதற்காகச் செலவழித்தவற்றில் சில. ஊரின் பெயர் வெல்பிரிட்ஜ். சனிக்கிழமைச் சந்தைக்குப் பெயர்போன பழைய ஊர். முதல் இரண்டு விண்ணப்பங்களிலும் பயண நோக்கம் என்ற இடத்தில் ‘கணவரின் கல்லறையைப் பார்த்தல்’ என்று எழுதியிருந்தார். இரண்டும் மறுக்கப்பட்டன. காரணம் ஒன்றே. வெல்பிரிட்ஜ் சேமக்காலையில் அல்பிரட் என்ற பெயரில் யாரும் அடக்கம் செய்யப்படவில்லை.

மரியநாயகி 1968 இல் பேசாலையில் பிறந்தார். தகப்பன் கடற்றொழில். 1993 மே 20 அன்று அதே ஊர் அல்பிரட்டைக் கலியாணம் செய்தார். அல்பிரட்டும் கடற்றொழில்தான். மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அதற்குள் அல்பிரட் இரண்டு முறை படையினரால் பிடிக்கப்பட்டு, இரண்டு முறை விடப்பட்டார். 1996 இல் பாரிஸுக்கு வந்தார். இங்கே அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. 1999 நவம்பரில் இங்கிலாந்துக்குக் கடந்தார். ஒரு நாட்டில் தோற்ற பெயரோடு மற்ற நாட்டில் போய் நிற்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். அல்பிரட் தன் தமையன் அருளப்புவின் பெயரைக் கொடுத்தார். தமையன் 1990 இல் வள்ளத்தோடு கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவருடைய பிறந்த தேதி, ஞானஸ்நானம், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் தம்பிக்கு மனப்பாடம். விசாரணையில் தடுமாற வேண்டியதில்லை.

தடுமாறவில்லை. ஆனால் தமையன் கலியாணம் கட்டாதவர். அதனால் அந்த நாட்டுக் கடதாசிகளில் அல்பிரட்டுக்கு மனைவி இல்லை. மரியநாயகி 2002 இல் பாரிஸ் வந்து, கடலைக் கடக்க வழியில்லாமல் இங்கேயே அகதியாகப் பதிந்தபோது, மனைவியைக் கூப்பிடுவதற்கு அல்பிரட்டுக்கு உரிமை இருக்கவில்லை. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ரெலிபோன் எடுப்பார். ஒன்பது வருடம் அப்படிப் போனது.

2011 பெப்ரவரி 13 ஞாயிறு ரெலிபோன் வரவில்லை. 20 ஆம் தேதியும் வரவில்லை. அன்றிரவு மரியநாயகியே எடுத்தார். அறையில் கூட இருந்த சுரேன் என்பவர் பேசினார்.

“அருளண்ணையோ? அக்கா… அண்ணை எட்டாந் திகதி மோசம் போயிட்டார். நெஞ்சுவலி. வெள்ளிக்கிழமை அடக்கியாச்சு. நீங்கள் ஆர் அக்கா?”

“சொந்தம்,” என்றார் மரியநாயகி. வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்படித்தான் வெல்பிரிட்ஜின் மரணப் பதிவேட்டில், இருபத்தொரு வருடத்துக்கு முன் கடலில் போன அருளப்பு மீண்டும் ஒருமுறை இறந்தார். அல்பிரட் எந்தப் பதிவேட்டிலும் இறக்கவில்லை. பிரெஞ்சுக் கடதாசிகளில் மரியநாயகி கணவன் உள்ளவராகவே இருந்தார். குடியுரிமைக்குக் கொடுத்த கோப்பு, கணவர் எங்கே என்ற கேள்வியோடு இரண்டு முறை திரும்பி வந்தது. அதைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் தங்கள் பெயர்களைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தும்போது இவர் கைகட்டி நிற்பார்.

மன்னார் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் நான் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஆட்கள் கடதாசியோடு என்னிடம் வருவதற்குக் காரணம் அதுதான். அந்தப் பதிவேட்டைத் திருத்தலாமா என்று கேட்டுத்தான் மரியநாயகியும் வந்தார். திருத்தலாம் என்றேன். இங்கிலாந்தில் பிழையை அழிக்கமாட்டார்கள். எழுதியது அப்படியே இருக்க, ஓரத்தில் சரியானதைக் குறிப்பார்கள். ஆனால் அதற்கு முதலில் தகவல் கொடுத்தவர் திரும்ப வந்து சொல்ல வேண்டும்.

பிரதி எடுத்துப் பார்த்தோம். தகவல் கொடுத்தவர் டெரெக் ஹாலம், மீன் வியாபாரி. தகுதி: உடலை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தவர். அவருக்குக் கடிதம் எழுதினோம். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. “நான் அடக்கம் செய்தது அருளை. அவன் பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தான். அவனுக்கு மனைவி இல்லை. உங்களுக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை. இனி எழுத வேண்டாம்.”

நான் அதை வாசித்துத் தமிழில் சொன்னதும் மரியநாயகி, “அப்ப நேரிலைதான் போகவேணும்,” என்றார்.

அதற்குப் பிறகு தொற்றுநோய்க் காலம் வந்தது. அதுவும் முடிந்தது. மூன்றாவது விண்ணப்பத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “கல்லறை பாக்கப் போறன் எண்டால் விடமாட்டினமாம். ஊர் பாக்கப் போறன் எண்டால்?”

“பொய் எழுதமாட்டன் பிள்ளை.”

“பொய் ஏன்? ஊரையும் பாப்பம் ஐயா. நீங்கள் எழுதிறது எல்லாத்தையும் பாப்பம்.”

நூல்நிலையத்தில் இருந்து தகவல் எடுத்தேன். விண்ணப்பத்தில் ஐந்து இடங்களை வரிசையாக எழுதினேன். எட்டுத் தூண் சந்தை மண்டபம். கம்பளி வியாபாரிகள் கட்டிய தேவாலயம். தானிய மண்டபம். பழைய கற்பாலம். ஊர்ச் சேமக்காலையும் அதன் சிற்றாலயமும்.

மரியநாயகி காலை ஐந்து முதல் ஒன்பது வரை அலுவலகங்கள் துடைப்பவர். பிறகு ரூ பஜோல் தெருவுக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வெங்காயம் உரிப்பவர். அங்கே கூட வேலை செய்யும் ஜெகதீஸ்வரிக்கு இந்தச் செய்தி எட்டியது. படிவத்தில் கையெழுத்து வாங்க நான் போயிருந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எடியே மரி, ஊர் பாக்கிறவை லூர்துக்குப் போவினம், ரோமுக்குப் போவினம். நீ என்னடி, பேர் தெரியாத பட்டிக்காட்டுக்குப் போறாய்?”

“பட்டிக்காடில்லை. எழுநூறு வருசமாச் சந்தை நடக்கிற ஊர். ஆட்டு மயிர் வித்துப் பெரிசா வந்த ஊர்.”

“மயிர் வித்த ஊரைப் பாக்க நூற்றுப் பதினைஞ்சு பவுணோ! ஐயா, நீங்களாவது சொல்லக்கூடாதோ?”

நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தினார்.

“விளையாட்டை விடு. மனுசன் நிம்மதியாக் கிடக்குது. நீ போய் அந்தாளைப் பொய்காரன் எண்டு எழுதப் போறாய்.”

“அவர் பொய் சொன்னவர்தான். உயிரோடை இருக்கச் சொன்னவர். இப்ப அந்தத் தேவை இல்லை.” மரியநாயகி கத்தியைக் கீழே வைத்தார். “அவர் செத்தவர் எண்டு உலகத்திலை ஒரு கடதாசியும் இல்லை, ஜெகதி. சாகாத மனுசனுக்கு நான் என்னெண்டு மெழுகுதிரி கொளுத்துறது?”

ஜெகதீஸ்வரி மூக்கைச் சீறிவிட்டு, வெங்காயத்தாலை என்றார்.

விசா மே 2 ஆம் தேதி கிடைத்தது.

பாரிஸ் கார் து நோர் ரயில் நிலையத்தில் ஆங்கிலேய எல்லை அதிகாரி மரியநாயகியின் பயணப் பத்திரத்தை நீண்ட நேரம் புரட்டினார். லண்டனில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் மரியநாயகியே பதில் சொன்னார். “வெல்பிரிட்ஜ். மார்க்கெட். ருவெல் ஃபிஃப்ரி எயிற்.” 1258, சந்தைக்கு அரசர் பத்திரம் கொடுத்த வருடம் அது. அதிகாரி தலையை உயர்த்தினார். மரியநாயகி எட்டு விரலை விரித்து, “பில்லர்,” என்றார். முத்திரை விழுந்தது.

அன்றிரவு லண்டன் ஈஸ்ற் ஹாமில் என் மருமகன் வீட்டில் தங்கினோம். மறுநாள், 25 ஆம் தேதி சனிக்கிழமை, ரயிலும் பஸ்ஸுமாக 10.50க்கு வெல்பிரிட்ஜில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வீதிகள் எல்லாம் ஒரு சதுக்கத்தில் வந்து முடிந்தன. வீடுகள் தேன் நிறக் கல்லால் கட்டியவை. கூரைகள் தொய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. சதுக்கத்தின் நடுவே சுவரில்லாத மண்டபம், எட்டுத் தூண். தூண்களின் அடி இடுப்பளவு உயரத்தில் தேய்ந்து பளபளத்தது. எத்தனையோ தலைமுறை ஆட்கள் சாய்ந்து நின்று விலை பேசிய இடம். சுற்றிவரத் துணிக் கூடாரங்களில் முட்டை, பாண், பூங்கன்று, பழைய புத்தகம்.

மரியநாயகி தூண்களை எண்ணினார். “எட்டு. சரி, ஒண்டு முடிஞ்சுது.”

மீன் கடை மண்டபத்துக்குள்ளேயே இருந்தது. நீலப் பட்டி போட்ட வெள்ளை மேலங்கியோடு, எழுபத்தைந்து வயதளவில் ஒரு பெரிய மனிதர் ஐஸை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். பலகையில் ‘ஹாலம்’ என்றிருந்தது. மரியநாயகி நேரே போய் மீன்களைக் குனிந்து பார்த்தார். கும்பளா போன்ற ஒரு மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கினார்.

“ஐயா, இது முந்தநாளையான்.”

“என்ன சொல்கிறார்?” என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

“மீன் முந்தநாளையது என்கிறார்.”

“வியாழக்கிழமை பிடித்தது. பார்த்த உடனே சொன்ன இரண்டாவது ஆள் இவர்.” சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “பாரிஸில் இருந்து எழுதியது நீங்கள்.”

ஓம் என்றேன்.

“எழுத வேண்டாம் என்று சொன்னேன்.”

“எழுதவில்லை. வந்திருக்கிறோம்.”

“எனக்குச் சனங்கள் நிற்கிறார்கள்.” அவர் எங்கள் பின்னால் நின்ற கிழவியைப் பார்த்து என்ன வேண்டுமென்று கேட்டார்.

நான் சொன்னதைக் கேட்டு மரியநாயகி தலையாட்டினார். “எத்தினை மணிக்குக் கடை பூட்டுவினம் எண்டு கேளுங்கோ.” இரண்டு மணிக்கு என்று கிழவிதான் சொன்னார். “அப்ப ரெண்டு மணிக்கு வாறம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு முதல் மூண்டு இடம் பாக்கக் கிடக்கு.”

தேவாலயத்தில் கம்பளி வியாபாரி ஒருவர் மனைவியோடு கற்சிலையாகப் படுத்திருந்தார். காலடியில் ஒரு செம்மறி. மனைவியின் மூக்கு உடைந்திருந்தது. மரியநாயகி அந்த இருவர் முன்னால் ஒரு முழுச் செபமாலை சொன்னார். தானிய மண்டபம் இப்போது நடன வகுப்புக்கு விடப்படுகிறது. கதவு பூட்டியிருந்ததால் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். “பாத்தாச்சு எண்டு எழுதலாந்தானே?” எழுதலாம் என்றேன். கற்பாலத்தில் ஐந்து வளைவு. அதன் மேல் நின்று நாங்கள் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். எனக்குக் கால் வலித்தது. அவர் உட்காரவில்லை.

1.55க்கு மீன் கடைக்கு முன்னால் நின்றோம். டெரெக் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“பத்து நத்தார்ப் பண்டிகை என் மேசையில் சாப்பிட்டான். என் மனைவி அவன் காலுக்குக் கம்பளி மேசு பின்னினாள். பெயர் பொய் என்று நீங்கள் சொல்கிறீர்கள். கலியாணம் கட்டியவன் என்கிறீர்கள். அப்படியானால் என்னை யார் என்று நினைத்தான் அவன்?”

இதை நான் மொழிபெயர்த்தேன். மரியநாயகி அவரையே பார்த்துப் பேசினார்.

“உங்களுக்குச் சொன்னால் உங்களையும் பொய் சொல்லவைக்க வேண்டிவரும் எண்டு நினைச்சிருப்பார் எண்டு சொல்லுங்கோ ஐயா. எனக்கு அவர் தன்ரை முதலாளியைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார். இந்தாள் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் வெட்டுமாம். கணக்குப் பிழைச்சால் தன்னையே பேசுமாம்.”

டெரெக் நிமிர்ந்தார். ஆனால், “இதை யாரும் பார்த்திருக்கலாம். சந்தையில் நிற்கிற எவரும் சொல்வார்,” என்றார்.

1997 இல் பாரிஸ் வைத்தியர் ஒருவர் அல்பிரட்டின் உடலிலிருந்த தழும்புகளை அளந்து சான்றிதழ் கொடுத்திருந்தார். அகதி வழக்குக்காக எடுத்தது. தழும்பு உண்டு, அது எப்படி வந்தது என்று நிறுவப்படவில்லை என்று வழக்கில் சொன்னார்கள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவன் நான் என்பதால் பிரதி என்னிடம் இருந்தது. எடுக்கப் போனேன். மரியநாயகி என் கையைத் தடுத்தார். அந்தப் புண்களுக்கு மருந்து கட்டியவர் அவர்.

தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார். இடது முழங்கைக்குக் கீழே, நாலு விரற்கடை. வலது மணிக்கட்டைச் சுற்றி. இடது புருவத்தின் நுனி. கழுத்தின் அடியில், காசளவு வட்டம். வலது கெண்டைக்கால். முதுகில் இரண்டு, நீட்டுக்கு.

டெரெக்கின் கையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. “ஏழு,” என்றார். “முதுகை நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் சரி. ஆனால் ஒன்று குறைகிறது. மனைவியென்றால் அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.”

“வேறை இல்லை,” என்றார் மரியநாயகி.

“வலது காதுக்குப் பின்னால். நன்றாகத் தெரியும்.”

“இல்லை. தொண்ணூற்றாறிலை அவர் போகேக்கை அது இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியும். இல்லாததை ஓமெண்டு சொல்லமாட்டன்.”

நான் அதை அப்படியே சொன்னேன். டெரெக் குழாயைப் பூட்டினார். ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

“2005 நத்தாருக்கு முந்திய வாரம்,” என்றார். “மீன் ஏற்றும் வானின் பின்கதவை அடித்துச் சாத்தினேன். அவன் குனிந்து நின்றதைப் பார்க்கவில்லை. நாலு தையல். அதைச் செய்தது நான்தான்.”

மரியநாயகி கேட்டுவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை தலையிடி எண்டு சொன்னவர்,” என்றார். “கதவெண்டு சொல்லேல்லை.”

மீன் வாடை அடிக்கும் அந்த வானிலேயே டெரெக் எங்களைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி மரியநாயகி மெழுகுதிரி வாங்கினார். சிற்றாலயத்துக்குக் கீழே, மதிலோரம், முழங்கால் உயரக் கல். ‘அருள், மீன் வியாபாரி, வெல்பிரிட்ஜ், 2011’ என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. புல் வெட்டப்பட்டு ஒழுங்காக இருந்தது. காற்றில் மெழுகுதிரி இரண்டு முறை அணைந்தது. டெரெக் தன் தொப்பியைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தார்.

கல்லை மாற்றவேண்டுமா என்று பிறகு கேட்டார். எவ்வளவு செலவானாலும் தான் செய்வதாகச் சொன்னார்.

“வேண்டாம்,” என்றார் மரியநாயகி. “அவரின்ரை தமையனுக்கு எங்கையும் கல்லறையில்லை. அந்தப் பேர் கிடக்கட்டும். கீழை இவரின்ரை பேரை வெட்டச் சொல்லுங்கோ. பதிவிலை மட்டும் சரியா இருக்கவேணும். அதுக்கு நீங்கள் வந்து சொல்லவேணும்.”

“நான் கையெழுத்து வைத்த புத்தகம் அது,” என்றார் டெரெக். “வருகிறேன்.”

5.40 பஸ்ஸில் திரும்பினோம்.

டெரெக் சொன்னபடி செய்தார். மரண விசாரணை அலுவலகத்துக்கு எழுதிப் பிரேத பரிசோதனை அறிக்கையை எடுத்தார். அதில் தழும்பு எட்டு. எட்டாவது எப்படி வந்தது என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்திட்டார். வைத்தியச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அல்பிரட்டின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒக்ரோபர் 7 ஆம் தேதி அனுப்பினோம். நவம்பர் 19 ஆம் தேதி முதல் கடிதம் வந்தது. அருளப்பு என்பவர் வேறொருவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள்.

கடலில் போனவருக்கு மரணப் பதிவு இல்லை. இரண்டு சகோதரர்களின் ஞானஸ்நானப் பதிவுகள்தான் வழி. ஒன்று 1959, மற்றது 1962. மரியநாயகி ஊர்ப் பங்குத் தந்தைக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் ரெலிபோன் எடுத்தார்.

“சுவாமி, நான் பேசாலை மரியநாயகி, பாரிஸிலை இருந்து. இண்டைக்கும் கேக்கிறன்.”

“அக்கா, போன செவ்வாயும் கேட்டனீங்கள். அறுபத்திரண்டாம் ஆண்டுப் புத்தகம் ஆயர் இல்லத்துக்குப் போயிட்டுது.”

“எப்ப வரும்?”

“தெரியாது அக்கா.”

“அப்ப வாற செவ்வாயும் எடுப்பன் சுவாமி. கோவிக்கக்கூடாது.”

பதினாறு செவ்வாய்கள் எடுத்தார். பதினேழாவதற்கு முன் இரண்டு பிரதிகளும் வந்தன. 2025 ஏப்ரலில் அனுப்பினோம். யூலையில் இன்னொரு கடிதம் வந்தது. மொழிபெயர்ப்புகளில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும் என்றார்கள். என்னுடையது செல்லாது. பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலில் ஒருவரிடம் கொடுத்து எடுத்து, அதையும் அனுப்பினோம். ஜெகதீஸ்வரி, “இன்னும் எத்தினைதான் கேப்பினம்?” என்று கேட்டார். “கேக்கக் கேக்கக் குடுப்பம்,” என்றார் மரியநாயகி.

கடைசியாக வந்த உறைக்குள் பதிவின் புதிய பிரதி இருந்தது. அருளப்பு என்ற பெயர் அழிக்கப்படாமல் அப்படியே நின்றது. ஓரத்தில் சிறிய எழுத்தில் அல்பிரட்டின் பெயர், அவருடைய பிறந்த தேதி, திருத்தத்தின் தேதி, டெரெக்கின் பெயர். கூட வந்த கடிதம் ஆறு வரி. அதை நான் இரண்டு முறை வாசித்துச் சொன்னேன். மரியநாயகி மூன்றாவது முறையும் கேட்டார். அந்தக் கடிதம் ஸ்தேனில் உள்ள அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2025 ஒக்ரோபர் 28, செவ்வாய்க்கிழமை. கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது.